பந்து ஒன்றுதான்

ஜூன் 9, ஞாயிறு

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பெண்கள் கால்பந்து லீக். நான்தான் நடுவர். இரண்டாம் பாதியில் ஒருத்தி எதிரணிக்காரியின் காலை வாரிவிட்டாள். விசில் ஊதி, மஞ்சள் அட்டையைக் காட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டேன். எட்டு.

எட்டாம் எண் பெண் எங்கிருந்தோ ஓடிவந்தாள். "அக்கா, நான் அந்தப் பக்கமே வரலக்கா! அது மூணு!"

மூன்றாம் எண் பெண் நல்லவள். தானாகவே கையைத் தூக்கினாள். அடித்துத் திருத்தினேன். இந்த ஜெர்சி அச்சடிக்கிறவர்கள் எண்களுக்கு ஏன் இப்படி வால் வைக்கிறார்களோ தெரியவில்லை. மூன்றைப் பார்த்தால் எட்டு மாதிரி இருக்கிறது, ஐந்தைப் பார்த்தால் ஆறு மாதிரி.

மேட்ச் முடிந்ததும் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று நடுவர் பயிற்சியில் சொன்னார்கள். அப்படித் தொடங்கியதுதான் இந்த நோட்டு. இப்போது வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை இதில் வந்துவிடுகிறது. வார நாட்களில் தனியார் பள்ளியில் பி.டி. மிஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர். டிசம்பரில் சென்னையில் மாநில நடுவர் தேர்வு. அதில் தேறிவிட்டால் எந்த ஊரில் மேட்ச் நடந்தாலும் கூப்பிடுவார்கள்.

இன்று வத்தக்குழம்பு.

ஜூன் 14, வெள்ளி

புதுக் கண்ணாடி வந்தது. போன தீபாவளியிலிருந்து இது மூன்றாவது. கடைக்காரர் சரியாகவே பவர் பார்ப்பதில்லை. வேறு கடை பார்க்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

மைதானம் முழுக்க மண் பறந்தது. வீட்டுக்கு வந்து கண்ணை நன்றாகக் கசக்கினேன். முஷ்டியை மடக்கி, அழுத்தி, வட்டமாகக் கசக்கினால் ஒரு சுகம் வரும் பாருங்கள், அதற்கு எதுவும் ஈடில்லை. அம்மா, "மாவாட்டற மாதிரி ஆட்டாதடி" என்றாள்.

காலையில் பஸ் நிலையத்தில் நிலாவிடம், "அது திருப்பாதிரிப்புலியூர் வண்டியா பாரு" என்றேன். நிலா என் தங்கை. முழுப் பெயர் வெண்ணிலா. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"அவ்ளோ பெரிய போர்டுக்கா!"

"வெயில்ல கண்ணு கூசுதுடி."

மேகமூட்டமாக இருந்ததை அவள் சொல்லிக் காட்டவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

லீக் இறுதி ஆட்டம். முதுநகர் அணிக்கும் நெய்வேலி அணிக்கும். கடைசி நிமிடங்கள்வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது நெய்வேலிக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து அடித்தாள். பந்து மேல்கம்பத்தில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. முதுநகர் கோல்கீப்பர் அள்ளி எடுத்துக்கொண்டாள்.

கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நான் பார்த்தேன். கோல் கொடுத்தேன்.

ஓரக்கோட்டில் துணை நடுவராக நின்றது ஷகிலா பானு. அவள் கொடியை அசைக்கவில்லை. நடுவர் நான், முடிவு என்னுடையது. முதுநகர்ப் பிள்ளைகள் மேட்ச் முடிந்த பிறகும் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கேப்டன் திலகா மட்டும் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்சில் ஷகிலா சொன்னாள். "நான் கோட்டுக்கு நேரா நின்னன் செவ்வந்தி. பந்து வெளியதான் விழுந்துச்சு."

"நீ ஓரத்துல இருந்த."

"நீ நடுவுல இருந்த. ரெண்டுல எது கிட்ட?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பார்த்ததைத்தான் கொடுத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 8, திங்கள்

வீடியோ வாட்சாப்பில் சுற்றுகிறது. யாரோ கோல் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். பள்ளி முடிந்து வந்ததிலிருந்து அதையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். நிலா பக்கத்தில் உட்கார்ந்து இயற்பியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாரு நிலா. உள்ள விழுது பாரு. அடியில இருக்கற பந்து உள்ள இருக்குல்ல?"

அவள் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அடியில இருக்கற பந்தா? அப்ப மேல எது?"

"மேல இருக்கறது அதோட நிழல். ஒரு பந்துக்கு எப்பவும் கூடவே ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருமில்ல, அது."

நிலா நோட்டை மூடி வைத்தாள். கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கினாள். திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, பந்து ஒண்ணுதான்க்கா தெரியுது" என்றாள்.

"உனக்கு."

"எல்லாருக்கும்."

எழுந்துபோய் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். சுவரோரம் நின்று பிடித்துக்கொண்டு என் இடது கண்ணை மூடச் சொன்னாள். ஒரு புள்ளி தெரிந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் மங்கலாக இன்னொன்று. அதற்கும் கீழே வால்போல ஒரு இழுப்பு.

எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெருவிளக்கு மத்தாப்பு மாதிரி சிதறுவதும், டிவியில் ஓடும் எழுத்துக்கு அடியில் இன்னொரு வரி ஓடுவதும். யாரிடமும் கேட்டதில்லை. இதையெல்லாம் யார் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

ஜூலை 10, புதன்

பள்ளியில் கோகோ. மழைத் தூறல். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13, சனி

பாண்டிச்சேரி கண் மருத்துவமனைக்குப் போய் வந்தேன். "போனேன்" என்பது சரியல்ல. நிலா இழுத்துக்கொண்டு போனாள். டியூஷனுக்கு லீவு போட்டிருந்தாள். அம்மாவிடம் செருப்பு வாங்கப் போகிறோம் என்று சொன்னது அவள் யோசனை.

எழுத்து வாசிக்கச் சொன்னார்கள். பவர் மாற்றி மாற்றிக் கண்ணாடித் துண்டுகளைச் செருகினார்கள். எதைப் போட்டாலும் எழுத்துக்கு நிழல் போகவில்லை. பார்வை சோதிப்பவள் ஜெனிஃபர் என்று ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட். என் வயதுதான் இருக்கும். ஒரு கட்டத்தில் கண்ணாடித் துண்டுகளை எல்லாம் பெட்டியில் வைத்துவிட்டு, "வாங்க, ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றாள். ஒளி வளையங்கள் நிறைந்த கூடு மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்துக் கண்ணை இமைக்காமல் இருக்க வேண்டும்.

திரையில் என் கண்ணின் படம் வந்தது. டிவியில் புயல் வரும்போது காட்டுவார்களே, அதுபோலப் பச்சையும் மஞ்சளுமாக. வலது கண்ணின் அடிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு திட்டு.

டாக்டர் சரளா அதைக் காட்டி விளக்கினார். "கருவிழி பந்து மாதிரி உருண்டையா இருக்கணும்மா. உங்களுக்கு ஒரு இடத்துல மெலிஞ்சுபோய், உள்ள இருக்கற அழுத்தத்துல கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிடுச்சு. கெரட்டோகோனஸ்னு பேரு. வளைஞ்ச கண்ணாடியில பாத்தா உருவம் ரெண்டு மூணா தெரியுமில்ல, அந்த மாதிரி. அதான் பவர் மாறிக்கிட்டே இருந்திருக்கு."

பாவம், கண்ணாடிக் கடைக்காரர். அவரை என்னென்னவோ திட்டியிருக்கிறேன்.

"கண்ணக் கசக்குவீங்களா?"

"இல்லை டாக்டர்."

"எப்பப் பாத்தாலும், டாக்டர்" என்றாள் நிலா. "தூக்கத்துலகூட."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அத இன்னையோட விடணும். அரிச்சா நான் தர்ற சொட்டு மருந்தப் போடுங்க, குளிர்ந்த துணி வைங்க. கையக் கொண்டுபோகவே கூடாது. மெலிஞ்ச இடத்த நீங்களே அழுத்தி அழுத்தி இன்னும் தள்ளறீங்க" என்றார்.

தொண்டைவரை வந்திருந்த கேள்வியைக் கேட்டேன். "பார்வை போயிடுமா?"

"இருட்டாயிடாது. ஆனா விட்டா மோசமாகிக்கிட்டே போகும். அத நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கு, கிராஸ் லிங்கிங். கருவிழிய இறுக்கமாக்கி இருக்கற இடத்துலயே நிக்க வைக்கும். போனத முழுசா திருப்பித் தராது. தெளிவாத் தெரியறதுக்கு அப்புறமா ஸ்பெஷல் லென்ஸ் போடலாம். முதல்ல நிறுத்துவோம்."

இடது கண்ணிலும் தொடக்கம் இருக்கிறதாம். அதை இப்போதைக்குக் கவனித்துக்கொண்டு வந்தால் போதும். கிளம்பும்போது, கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்றார். நிலா உடனே, "எனக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கு டாக்டர், பரீட்சை முடிஞ்சு வர்றன்" என்றாள்.

செருப்பு வாங்காமல் வந்தோம். அம்மாவிடம் உண்மையைச் சொல்லும்படி ஆகிவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா நேற்று அழுதாள். இன்று தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் முதலில் சொன்னது: "இத வெளிய யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. கண்ணுல கோளாறுன்னு பேரு வந்துடுச்சுன்னா வர்ற வரன் வாசல்லயே திரும்பிடும்."

அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.  பிறகு, "விசில் ஊதலாமாம்மா?" என்று கேட்டார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

இந்த வாரம் மேட்சுக்குக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்றேன்.

கசக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. கை தானாகப் போகிறது. படுக்கும்போது இரண்டு கையிலும் பழைய சாக்ஸ் மாட்டிக்கொள்கிறேன். குப்புறப் படுத்துத் தலையணையில் கண்ணை அழுத்தவும் கூடாதாம். காலையில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த அம்மா, என் கை முகத்துக்குப் போனதைப் பார்த்து, கரண்டிக் காம்பாலேயே மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். வலித்தது. அரிப்பு மறந்துபோனது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இப்படிக்கு நிலா.

நேற்று வலது கண்ணுக்குச் சிகிச்சை முடிந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேல்தோலை மெல்ல எடுத்துவிட்டு, மஞ்சளாக ஒரு சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருந்தார்கள். அது வைட்டமின்தானாம். பிறகு நீல வெளிச்சத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அப்போது வலியே இல்லை. மரப்பு போன பிறகுதான் மிளகாயை அரைத்துக் கண்ணில் அப்பியதுபோல இருந்தது. புண் ஆறும்வரை கண்ணுக்குள் மெல்லிய லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

(அக்கா "கொஞ்சம் வலித்தது" என்று எழுதச் சொன்னாள். மிளகாய் நான் போட்டது. நேற்று சாயந்திரம் அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.)

அறையை இருட்டாக்கி வைத்திருக்கிறோம். அம்மா தயிர்சாதம் பிசைந்து ஊட்டினாள். அக்கா சின்னப் பிள்ளைபோல வாங்கிக்கொண்டாள். (இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.)

இந்த இருட்டில் எழுதி எழுதி எனக்கும் கண் அரிக்கிறது. போதும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இது நான். லென்ஸை எடுத்துவிட்டார்கள். நிலாவின் திருவிளையாடல்களை இப்போதுதான் படித்தேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

எல்லாமே பனிமூட்டத்துக்குள் தெரிகிறது. கொஞ்ச மாதம் இப்படித்தான் இருக்கும், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறார்கள். பயப்படவில்லை. ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து, சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கப் போகிறேனோ.

செப்டம்பர் 8, ஞாயிறு

காய்ச்சல், சுளுக்கு, சொந்தக்காரர் கல்யாணம். மேட்சுக்கு வராமலிருக்கச் சொல்லும் பொய்கள் தீர்ந்துவிட்டன. இதற்கு மேல் யாரையாவது சாகடித்தால்தான் உண்டு.

காலையில் அம்மாவிடம், "இன்னைக்குப் போயி சொல்லிடப் போறன்" என்றேன். அம்மா கடைகளுக்குப் போடும் இட்லி மாவு பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றாள். அந்த "உன் இஷ்டம்" எந்த வகை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போனேன்.

மாவட்ட நடுவர் குழுச் செயலாளர் ஆரோக்கியதாஸ் சார் மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் படத்தை மேசையில் வைத்தேன். என்ன நோய், என்ன சிகிச்சை என்று சொன்னேன். பிறகு, "ஃபைனல்ல நான் குடுத்த கோல் கோல் இல்ல சார்" என்றேன்.

அவர் பம்பைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"முன்னாடி எனக்கே தெரியாது சார்."

அது உண்மைதான். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதும் உண்மைதான். இரண்டாவதை அவரிடம் சொல்லவில்லை.

முடிவை மாற்ற விதி இல்லை. கோப்பை நெய்வேலியில்தான் இருக்கும். டாக்டர் சான்றிதழ் கொண்டுவரும்வரை என்னை எந்த மேட்சுக்கும் போட மாட்டார்கள். டிசம்பர் தேர்வுக்கு என் பெயரை அனுப்ப மாட்டார்கள். "இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம். தேர்வு எங்கயும் போயிடாது" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். வாசலுக்கு வந்ததும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு அதை மாட்டிக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஷகிலா வீட்டுக்கு வந்தாள். கூடவே முதுநகர் கேப்டன் திலகா. அவளிடம் சொல்ல வேண்டும் என்று நான்தான் ஷகிலாவிடம் கேட்டிருந்தேன்.

சொன்னேன். திலகா டம்ளரில் இருந்த காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களத் திட்டாத நாள் கிடையாதுக்கா. காலையில பல்லு வெளக்கறப்பகூடத் திட்டுவன்."

"திட்டு."

"இனிமே எப்படித் திட்டறது? கண்ணு சரியில்லாதவங்களத் திட்டுனா பாவம்னு எங்கம்மா சொல்லும். அதுவும் போச்சு." அவளுக்கு உண்மையாகவே எரிச்சல். ஷகிலா சிரித்துவிட்டாள். திலகா சிரிக்கவில்லை. ஆனால் காபியை முழுக்கக் குடித்தாள். போகும்போது, "சரியாயிடுமாக்கா?" என்று கேட்டாள். இந்த முறை முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அவர்கள் போன பிறகு அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள். 

அக்டோபர் 6, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் நிலா படித்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், முஷ்டியை மடக்கி, அழுத்தி, வட்டமாகக் கசக்கினாள். அதே சுகத்தோடு. நான் கண்ணாடியில் என்னைப் பார்த்ததுபோல இருந்தது.

"கைய எடு."

"அரிக்குதுக்கா."

"எத்தனை நாளா?"

"விடேன். வேதியியல் முடிக்கணும்."

காலண்டர் தாளைக் கிழித்தேன். புள்ளி வைத்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல! பப்ளிக் எக்ஸாம் வெச்சுக்கிட்டு என்னால ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது. ஒரு வீட்டுல ஒருத்தருக்கு இருந்தாப் போதும்" என்று கத்தினாள்.

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது. அவள் ஏற்கனவே தனியாகப் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எந்தக் கண்ணுடி?" என்றேன்.

"இடது" என்றாள். "லேசாத்தான்க்கா. ரொம்ப லேசா."

அக்டோபர் 12, சனி

அதே மருத்துவமனை, அதே கருவி. இந்த முறை நான் வெளியே பெஞ்சில். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

நிலாவின் இடது கண்ணில் சிவப்பு இல்லை. அடியில் ஒரு ஓரம் மட்டும் ஆரஞ்சாக இருந்தது. டாக்டர் என் படத்தையும் அவள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இவங்க கண்ணாடி போட்டா கடைசி வரிவரைக்கும் வாசிக்கிறாங்க. சின்ன வயசு, அரிப்பும் இருக்கு, அதனால சீக்கிரம் ஏறும். மாசம் ரெண்டு கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் உடனே நிறுத்திடலாம். உங்களுக்கு வந்த நிலைமை இவங்களுக்கு வராது. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க."

பஸ்சில் நிலா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில் கை முகத்துக்குப் போனது. கடலூர் வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கும் நல்ல நேரத்தில் யாராவது சொல்லியிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வராமல் இருக்குமா? வந்தது, தவளக்குப்பம் தாண்டுவதற்குள் போய்விட்டது.

வீட்டில் சாக்ஸ் இன்னொரு ஜோடி எடுத்து வைத்தேன்.

நவம்பர் 16, சனி

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுத முடியாது.

வலது கண் ஸ்கேன் எடுத்தார்கள். கூம்பு நகரவில்லை. நின்றுவிட்டது. டாக்டர் சரளா அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "ஜெனிஃபர்கிட்ட போங்க, லென்ஸ் பாக்கலாம்" என்றார்.

ஸ்கிளீரல் லென்ஸ் என்று பெயர். சாதாரண லென்ஸைவிடப் பெரியது, கெட்டியானது. கருவிழியைத் தொடாமல் அதற்கு மேல் கூரை மாதிரி நிற்கும். ஓரம் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும். நடுவில் உப்புக் கரைசல் நிரம்பியிருக்கும். கருவிழி கோணலாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் சமப்படுத்திவிடுமாம்.

ஜெனிஃபர் சின்ன ரப்பர் பிடியில் லென்ஸை வைத்து, கரைசலைத் தளும்ப ஊற்றி, என்னைத் தரையைப் பார்த்துக் குனியச் சொன்னாள். இமைகளை விரித்துப் பிடித்து ஒரே அழுத்து. கரைசல் கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு, "நிமிருங்க" என்றாள்.

நிமிர்ந்தேன். எதிரே நிலா நின்றிருந்தாள்.

அவளுடைய இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. ஐந்து வயதில் படிக்கட்டில் விழுந்தது. அது இன்னும் அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மூக்குத்தியின் கல் ஒன்றுதான். கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அதுவும் தெரிந்தது.

"என்னாக்கா?" என்றாள்.

"நீ வளந்துட்டடி" என்றேன். வேறென்ன சொல்வது?

ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். இத்தனை நாளும் மரம் என்றால் பச்சையாக ஒரு மொத்தை. இன்று இலை இலையாக இருந்தது. ஜெனிஃபர் எழுத்துப் பலகையைப் போட்டாள். கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்தேன். அவள், "மேடம், இப்படி அழுதா லென்ஸ் சரியா உக்காந்திருக்கான்னு என்னால பாக்க முடியாது" என்றாள்.

என் கண் அளவுக்கு லென்ஸ் தயாராகி வர இரண்டு வாரம் ஆகும். சோதனை லென்ஸைத் திருப்பிக் கொடுக்க மனமே இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

லென்ஸ் வந்துவிட்டது. போடத்தான் வரவில்லை.

குனிந்தால் கண் மூடிக்கொள்கிறது. கண் திறந்தால் கை குறி தவறுகிறது. எல்லாம் சரியாக வந்தால் உள்ளே காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்கிறது. எடுத்து, கழுவி, மறுபடியும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது, கிருமி வரும். ஒருமுறை லென்ஸ் நழுவிச் சிங்கில் விழுந்து, அம்மா "ஐயோ" என்று அலறி ஓட்டையை உள்ளங்கையால் மூடினாள். கீறல் இல்லை. கரைசலில் நன்றாக அலசிக் கிருமிநீக்கியில் போட்டுவைத்தோம்.

இன்று தேர்வு. சென்னையில் இந்நேரம் உடல்தகுதி ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஷகிலாவும் எழுதுகிறாள். அவளுக்கு நன்றாக அமைய வேண்டும். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறேன், பெரும்பாலும்.

சாயந்திரம் அம்மா மேசைமேல் ஒரு துண்டை விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, "கண்ணாடியப் பாத்துக் குனி. நான் மேல் இமையப் பிடிச்சுக்கறன்" என்றாள். மாவு பாக்கெட் கட்டும் விரல்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பிடித்தாள். அசையவில்லை. லென்ஸ் உள்ளே போய் உட்கார்ந்தது. குமிழ் இல்லை.

"தெரியுதா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு முன்நெற்றி முடியெல்லாம் நரைத்துவிட்டிருந்தது. அதைச் சொல்லவில்லை. தெரிகிறது என்றேன்.

டிசம்பர் 27, வெள்ளி

நிலாவின் ஸ்கேனில் ஆரஞ்சு கொஞ்சம் பரவியிருந்தது. அரையாண்டு விடுமுறையிலேயே சிகிச்சை முடித்துவிடலாம் என்றார் டாக்டர். நேற்று முடிந்தது. இருட்டறை, தயிர்சாதம், மணிக்கணக்குப்படி சொட்டு மருந்து. எனக்கு எல்லாம் தெரிந்த வேலை.

"நாளு வீணாப்போகுதுக்கா" என்று முனகிக்கொண்டே இருந்தாள். எனவே கதவருகே வெளிச்சத்தில் உட்கார்ந்து அவளுடைய வேதியியல் பாடத்தைச் சத்தமாக வாசித்தேன். சின்னச் சின்ன எழுத்து, அதற்குக் கீழே அதைவிடச் சின்ன எண்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. உச்சரிப்பில்தான் அவள் ஆயிரம் குறை சொன்னாள்.

"அது அப்படி இல்லக்கா. ஐயோ, வலிக்குது, சிரிக்க வைக்காத."

ஜனவரி 18, சனி

டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். லென்ஸோடு பார்வை போதுமான அளவு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அரித்தால் சொட்டு மருந்து, கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு ஓடி வர வேண்டும். ஆரோக்கியதாஸ் சார் அதைப் படித்துவிட்டு, "சின்னப் பசங்க மேட்ச்ல இருந்து ஆரம்பிப்போம்மா" என்றார். அம்மா, வரன் பேச வந்த அத்தையிடம் அவளாகவே, "பெரியவளுக்குக் கண்ணுல லென்ஸ் போட்டிருக்கு, அதத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க வரட்டும்" என்று சொன்னாளாம். அத்தை வியந்து வியந்து அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் மேட்ச். நடுவர் நான், ஓரக்கோட்டில் ஷகிலா. அவள் தேர்வில் தேறிவிட்டாள். ஆனாலும் இன்று கொடி பிடிக்க அவளாகவே கேட்டு வந்திருக்கிறாள்.

முதல் பாதி நன்றாகப் போனது. முதுகு எண்கள் எல்லாம் வால் இல்லாமல் ஒழுங்காக இருந்தன. இரண்டாம் பாதி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பியது. ஒரு மண் துகள் லென்ஸுக்கு அடியில் போய்விட்டது. ஊசி குத்தியதுபோல வலி. கண்ணைத் திறக்க முடியவில்லை. கை மேலே போனது. இறக்கிக்கொண்டேன்.

இப்படி ஆகிவிடுமோ என்றுதான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். எல்லோரும் பார்க்க நடு மைதானத்தில். ஆனால் நடந்தபோது யோசிக்க நேரமில்லை. விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். ஓரமாக வந்து உட்கார்ந்து ஷகிலாவிடம் என் பையைக் கேட்டேன். கையைச் சுத்தம் பண்ணித் துடைத்துக்கொண்டேன். ரப்பர் பிடியால் லென்ஸைக் கழற்றினேன்.

இரண்டு அணிப் பிள்ளைகளும் சுற்றி நின்றுவிட்டார்கள். "அக்கா, கண்ணுக்குள்ளேருந்தா எடுத்தீங்க?" "வலிக்குமாக்கா?" "அது என்னாக்கா?"

"என் கருவிழி கொஞ்சம் கோணல். இது போட்டா நேராத் தெரியும்" என்றேன். "யாரும் கண்ணக் கசக்காதீங்க. அரிச்சா வீட்டுல சொல்லுங்க."

ஷகிலா துண்டை விரித்துக் காற்றை மறைத்தாள். கோல்கீப்பர் பெண் என் சின்னக் கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். கரைசலில் கழுவி, புதுக் கரைசல் நிரப்பி, குனிந்தேன். முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. நிமிர்ந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நின்ற நேரத்தைக் கடைசியில் சேர்ப்பேன் என்று இரண்டு பயிற்சியாளர்களிடமும் சொல்லிவிட்டு விசில் ஊதினேன்.

அடுத்த சில நிமிடத்திலேயே பெனால்டி கட்டத்துக்குள் ஒருத்தி விழுந்தாள். யாரும் தொடவில்லை, தன் ஷூ நாடாவிலேயே தடுக்கி விழுந்தாள். நாடா அவிழ்ந்து கிடந்ததுகூடத் தெரிந்தது. விளையாடு என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான். அந்த அணியின் பயிற்சியாளர், இத்தனை நேரம் என்னிடம் பரிதாபமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர், கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்து கத்தினார்.

"ரெஃப்ரி! கண்ணு தெரியலையா உனக்கு?"

 ஷகிலா கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அந்த மனிதருக்கே உறைத்துவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாகிவிட்டது, ஒருத்தர் என்னிடம் இப்படி உரிமையாகச் சண்டை போட்டு!

"தெரியுது சார், நல்லாத் தெரியுது" என்றேன். "நீங்க கோட்டுக்கு உள்ள நிக்கறீங்க. வெளிய போங்க."